நூலக இணையதளத்தை மாணவர் கையில் கொடுத்துப் பார்த்தோம்

"தளம் எப்படி இருக்கு?" என்று ஒரு மாணவரைக் கேட்டால் "நல்லா இருக்கு சேர்" என்பதுதான் பதில். மலையகத்துப் பிள்ளைகளிடம் இது இன்னும் உறுதி. நூலகத்தில் வேலை செய்கிறவரின் முகத்துக்கு நேரே அவருடைய தளத்தைக் குறை சொல்ல அவர்களுக்கு வாய் வராது. கேள்விக்கொத்து கொடுத்தாலும் "மிகத் திருப்தி"க்கு நேரே சரி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதே மாணவர் மறுநாள் இரவல் பகுதி மேசைக்கு வந்து, "சேர், பாஸ்ட் பேப்பர் எங்க எடுக்கிறது?" என்று கேட்பார். கடந்தகால வினாத்தாள்கள் எல்லாம் தளத்தில்தான் இருக்கின்றன.

அதனால் கருத்துக் கேட்பதை விட்டோம். ஒரு வேலையைச் செய்யச் சொல்லி, பக்கத்தில் இருந்து பார்ப்பது என்று முடிவெடுத்தோம். கணினித் துறையில் யூசபிலிட்டி டெஸ்டிங் என்று சொல்லும் பயன்பாட்டுச் சோதனை இதுதான். மாணவருக்கு உண்மையிலேயே வரக்கூடிய ஒரு தேவையைக் கொடுக்கிறோம். அவர் தளத்தில் எங்கே தயங்குகிறார், எதை அழுத்துகிறார், எந்த இடத்தில் அலுத்துப்போய் விடுகிறார் என்று குறித்துக்கொள்கிறோம். 1998இல் வந்த ஐஎஸ்ஓ 9241-11 தரநிலை, இதில் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. வேலை முடிந்ததா, எவ்வளவு சிரமப்பட்டு முடிந்தது, செய்தவருக்குத் திருப்தியா. முதல் இரண்டையும் நாங்கள் முழுதாக எடுத்துக்கொண்டோம். மூன்றாவதை, மேலே சொன்ன காரணத்தால், அவ்வளவாக நம்பவில்லை.

நூலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். மலையகத்தில் உள்ள ஓர் உயர்கல்வி நிறுவனம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நூற்பட்டியலுக்குக் கோஹா, வினாத்தாள்களும் ஆய்வேடுகளும் வைக்க டிஸ்பேஸ். இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். கோஹா, நியூசிலாந்தின் ஹொரோவெனுவா மாவட்ட நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000இல் பயன்பாட்டுக்கு வந்தது. டிஸ்பேஸை எம்ஐடியும் எச்பியும் சேர்ந்து 2002இல் வெளியிட்டன. இலங்கையில் வேறு கல்வி நூலகங்களும் இவற்றைப் பாவிக்கின்றன. எங்களுக்கு வந்த சிக்கல் அங்கேயும் இருக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

எத்தனை பேரை வைத்துப் பார்ப்பது என்பதில் ஒரு பழைய வாதம் உண்டு. இந்தத் துறை ஆய்வாளர்கள் நீல்சனும் லாண்டவரும் 1993இல் போட்ட கணக்கின்படி, ஒருவர் பயன்படுத்தும்போது தளத்தின் குறைகளில் சராசரியாக 31 சதவீதம் வெளியே வரும். அவர் கண்ணில் படாமல் போவது 69 சதவீதம். அடுத்தவர் அந்த மிச்சத்தில் தன் பங்கைக் கண்டுபிடிப்பார். இப்படி ஐந்து பேர் பார்த்து முடித்தால் ஏறக்குறைய 16 சதவீதம்தான் மறைந்திருக்கும். "ஐந்து பேர் போதும்" என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. ஆனால் 2003இல் லாரா ஃபோக்னர் 60 பேரை வைத்துச் செய்து, அவர்களில் ஐந்து ஐந்து பேராக எடுத்துப் பார்த்தபோது, சில ஐவர் கூட்டங்கள் 55 சதவீதக் குறைகளையே கண்டிருந்தன. இரண்டையும் சேர்த்து யோசித்தால் எங்களுக்குத் தோன்றியது இதுதான். ஐந்து பேரோடு தொடங்கலாம், ஆனால் ஒரே சுற்றோடு நிறுத்தக் கூடாது. மொழிக்கொரு கூட்டம் தனித்தனியாக வேண்டும். தமிழ் மொழிமூலத்தில் படிக்கும் கலைப்பீட மாணவரின் சிக்கலும், ஆங்கிலத்தில் விஞ்ஞானம் படிப்பவரின் சிக்கலும் ஒன்றல்ல. இந்தப் பதிவு தமிழ்க் கூட்டத்தைப் பற்றியது.

ஆட்களைச் சேர்ப்பதில் ஒரு கவனம் தேவை. வட்ஸ்அப் குழுவில் "உதவ விரும்புபவர்கள் வரவும்" என்று போட்டால், ஏற்கெனவே நூலகத்தில் குடியிருப்பவர்கள்தான் வருவார்கள். அவர்களுக்குத் தளத்தின் எல்லா மூலையும் தெரியும். எங்களுக்கு வேண்டியவர்கள் நூலகப் பக்கம் அதிகம் வராதவர்கள். கன்டீனில் தேத்தண்ணி வரிசையில் நின்றவர்களிடம் போய்ப் பேசினோம். முதலாம் ஆண்டு, லிந்துலை, பசறை, இராகலை, அப்புத்தளைப் பக்கத்துப் பிள்ளைகள். வருகிறவர்களுக்கு ரோல்ஸும் தேத்தண்ணியும் என்றோம். ஒரு பக்கத்தில் தமிழில் ஒப்புதல் படிவம் எழுதினோம். படம் எடுப்போம், முகம் வராது, பெயர் எழுதமாட்டோம், எந்த நேரத்திலும் எழுந்து போகலாம் என்று அதில் இருந்தது. வாயாலும் ஒருமுறை சொன்னோம்: "பரீட்சை உங்களுக்கு இல்ல, தளத்துக்கு." அதைக் கேட்டதும் உட்காரும் விதமே மாறுவதைப் பார்த்தோம்.

நூலகக் கணினிகளில் இதைச் செய்யவே இல்லை. மாணவர்கள் தளத்தைப் பார்ப்பது போனில். அதுவும் ஓரத்தில் வெடித்த கண்ணாடி, பற்றரிக்காகக் குறைத்து வைத்த வெளிச்சம், எந்த நேரமும் "இடம் போதாது" என்று சொல்லும் போன். புத்தம்புதிய போனை நாங்கள் கொடுத்திருந்தால் பாதிக் குறைகள் கண்ணில் பட்டே இருக்காது. திரையைப் பதிவு செய்யும் செயலியை அவர்களுடைய போனில் போட்டால் அது இன்னும் மெதுவாகும். ஆகவே வளைகிற கழுத்துள்ள ஸ்டாண்ட் ஒன்றில் எங்கள் போனை மாட்டி, மேலே இருந்து அவர்களுடைய திரையையும் விரல்களையும் மட்டும் படம் பிடித்தோம். விரல் எங்கே போய்த் தயங்கி நிற்கிறது என்பது திரைப்பதிவில் தெரியாது. இப்படி எடுத்தால் தெரியும். சிறிய செலவில் கிடைத்த பெரிய பலன் இது.

கொடுக்கும் வேலையை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் சோதனையின் உயிர் இருக்கிறது. "நிறுவனக் களஞ்சியத்தில் பொருளியல் வினாத்தாளைத் தேடுக" என்று எழுதினால், மெனுவில் அதே சொல்லைப் பார்த்து அழுத்திவிடுவார்கள். எல்லாம் சரி என்று நாமும் நினைத்துக்கொள்வோம். தளத்தில் உள்ள எந்தச் சொல்லும் வேலைத்தாளில் வரக் கூடாது. நாங்கள் எழுதியவை இப்படி இருந்தன. "அடுத்த மாதம் முதலாம் ஆண்டுப் பொருளியல் பரீட்சை, போன வருஷம் என்ன கேட்டார்கள் என்று பார்க்க வேண்டும்." "சி.வி. வேலுப்பிள்ளை எழுதிய புத்தகம் ஒன்று வேண்டும், நாளைக்குப் போனால் எந்த ராக்கையில் எடுக்கலாம்?" "லீவில் வீட்டில் இருக்கிறீர்கள், விரிவுரையாளர் சொன்ன ஆங்கிலக் கட்டுரையை முழுதாகப் படிக்க வேண்டும்." இவற்றோடு புத்தகத்தின் தவணையை நீட்டுவது, சனிக்கிழமை நூலகம் திறந்திருக்குமா என்று பார்ப்பது ஆகிய சின்ன வேலைகள். தொடக்கமும் எங்கள் முகப்புப் பக்கம் அல்ல. போனை எடுத்து வழக்கமாக எங்கே போவார்களோ அங்கிருந்து தொடங்கச் சொன்னோம். ஏறக்குறைய எல்லோருமே கூகுளுக்குத்தான் போனார்கள்.

செய்யும்போதே மனதில் ஓடுவதை வாயால் சொல்லச் சொல்வது இந்த முறையில் வழக்கம். எங்கள் பிள்ளைகளுக்கு அது வரவில்லை. ஒரு சேர் பக்கத்தில் இருக்க, தன்பாட்டில் பேசிக்கொண்டு போனை நோண்டுவது கூச்சம். அப்புறம் இரண்டு கூட்டாளிகளைச் சேர்த்து ஒரு போனில் உட்காரவைத்தோம். இருவராகச் செய்வதும் ஏற்கெனவே உள்ள முறைதான். அன்றிலிருந்து எங்களுக்குக் கேட்க வேண்டியதெல்லாம் காதில் விழுந்தது. தமிழ்ப் பிள்ளைகளை வைத்துச் செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தனியாள் வேண்டாம், சோடியாக எடுங்கள்.

எங்களில் ஒருவர் பேச, இன்னொருவர் மூலையில் இருந்து எழுத. பேசுகிறவருக்கு வாயைக் கட்டிக்கொள்வதுதான் வேலை. மாணவி தவறான இடத்தில் அழுத்தும்போது "அது இல்லம்மா, இங்க" என்று நாக்கு நுனி வரை வரும். "சேர், இதையா?" என்று கேட்டால், "நாங்க இல்லாம தனியா இருந்தா என்ன செய்வீங்களோ அதையே செய்ங்க" என்பது ஒன்றே பதில். அந்த அமைதியில்தான் தளத்தின் குறை தெரிய வருகிறது.

லிந்துலைப் பக்கத்து மாணவியும் அவருடைய விடுதித் தோழியும் வினாத்தாள் தேடியதை அப்படியே எழுதுகிறேன். கூகுளில் நிறுவனத்தின் பெயரைச் சுருக்கமாகவும் அதோடு பாஸ்ட் பேப்பர் என்றும் ஆங்கில எழுத்தில் அடித்தார். வந்தது எங்கள் முகப்புப் பக்கம். நூலகக் கட்டடத்தின் பெரிய படம் ஒன்று ஏறுகிறது. அது ஏறி முடியுமுன் அடுத்த படத்துக்கு நகர்கிறது. திரை முழுக்கப் படம், வேறொன்றும் இல்லை. கட்டைவிரலால் இழுத்துக் கீழே போனார். வரவேற்புரை, பழைய நிகழ்ச்சி அறிவித்தல், இன்னும் கீழே தொலைபேசி எண். மறுபடி மேலே. மூலையில் உள்ள மூன்று கோட்டைத் தோழிதான் பார்த்தார். மெனு விரிந்தது. "எங்களைப் பற்றி", "பிரிவுகள்", "சேவைகள்", "மின்வளங்கள்", "நிறுவனக் களஞ்சியம்". விரல் "சேவைகள்" மேல் நின்றது, உள்ளே போனது, திரும்பி வந்தது. "மின்வளங்கள்" உள்ளே போனது, ஆங்கிலத் தரவுத்தளப் பெயர்களைப் பார்த்துத் திரும்பி வந்தது. "நிறுவனக் களஞ்சியம்" அருகில் விரல் போனபோது தோழி சொன்னார்: "அது ஏதோ கம்பெனி விஷயம்டி, விடு."

வினாத்தாள்கள் இருந்தது அதற்குள்தான். கொஞ்ச நேரம் கழித்து வேறு வழியில்லாமல் அதையும் திறந்தார்கள். பீடம், துறை, ஆண்டு என்று படிப்படியாக ஆங்கிலத்தில் இறங்கி, கடைசியில் கோப்பு கிடைத்தது. இருவர் முகத்திலும் சந்தோஷம். அழுத்தப் போன விரல் நின்றது. பக்கத்தில் கோப்பின் அளவு போட்டிருந்தது. ஓர் ஆண்டின் எல்லாப் பாட வினாத்தாள்களும் ஒரே பிடிஎஃப்பாகத் தைக்கப்பட்டிருந்தன. "இத எடுத்தா இன்னைக்கு டேட்டா முடிஞ்சிரும்டி. நாளைக்கு அக்காகிட்ட கேட்டு போட்டோ எடுத்துக்குவோம்." போனைக் கீழே வைத்துவிட்டார்கள்.

இந்தக் காட்சியை எங்கள் மேசையில் இருந்து எவ்வளவு யோசித்தாலும் நாங்கள் கண்டிருக்க முடியாது. அலுவலகத்தில் கம்பி இணைப்பு. அங்கே எந்தக் கோப்பும் ஒரு நொடியில் திறக்கும். மேலாண்டு அக்காமார் வட்ஸ்அப்பில் படம் அனுப்பித்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால், அந்தக் கோப்பு எங்களிடம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

திருத்தம் இரண்டு பக்கமாகப் போனது. முதலாவது கோப்பு. வினாத்தாள்கள் 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில், வண்ணத்தில் ஸ்கேன் செய்யப்பட்டிருந்தன. பாதுகாப்புப் பிரதிக்கு அது நல்லது, போனில் படிக்கத் தேவையே இல்லை. 300 டிபிஐக்குக் குறைத்தால் புள்ளிகளின் எண்ணிக்கை நான்கில் ஒன்றாகும். எழுத்து மட்டும் உள்ள தாளை வண்ணம் நீக்கி, கறுப்பு வெள்ளையாக்கி, அதற்குரிய முறையில் சுருக்கினால் இன்னும் வெகுவாகக் குறையும். வரைபடம், படம் உள்ள பக்கங்களைச் சாம்பல் நிறத்திலேயே விட்டோம், இல்லாவிட்டால் கோடுகள் காணாமல் போகும். ஆண்டுக்கு ஒரு கட்டாக இருந்ததைப் பாடத்துக்கு ஒன்றாகப் பிரித்தோம். பெரிய பிரதியை உள்ளே பத்திரமாக வைத்துவிட்டு, சின்னதை வெளியே கொடுத்தோம். சலிப்பான வேலைதான், ஆனால் இந்தத் திட்டத்தில் மிக அதிகப் பேருக்கு உதவியது இது என்று நான் நம்புகிறேன். இரண்டாவது, முகப்பு. அதற்குப் பிறகு வருகிறேன்.

வேலுப்பிள்ளையைத் தேடச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். ஆகவே நூற்பட்டியலில் அவருடைய பெயர் ஒரே மாதிரி இருக்க வாய்ப்பில்லை. நினைத்தபடியே, ஆங்கில நூல்களில் ஒரு விதமாகவும், தமிழ் நூல்களில் மேலும் கீழும் குறியிட்ட ரோமன் எழுத்தில் வேறு விதமாகவும், அண்மையில் சேர்த்த பதிவுகளில் தமிழ் எழுத்திலும் இருந்தது. தமிழில் அடித்த சோடிக்குக் கொஞ்சம்தான் வந்தது. ஆங்கில எழுத்தில் தன் பாட்டில் அடித்தவர்களுக்கு இன்னொரு பங்கு. எல்லாம் ஒரே பட்டியலில் யாருக்கும் வரவில்லை. "மலையகம்" என்று தேடியபோது நிலைமை இன்னும் மோசம். ரோமன் எழுத்து முறையில் அதில் வரும் ககரத்துக்குக் 'கே' போட வேண்டும். பிள்ளைகள் பேசுகிறபடி 'ஜி' போடுவார்கள், அல்லது 'எச்' போடுவார்கள். பூச்சியம் முடிவு. பூச்சியத்தைப் பார்த்தால் "நம்ம லைப்ரரியில இல்ல" என்று எழுந்துவிடுகிறார்கள். புத்தகமோ ராக்கையில் இருக்கிறது.

இதைத் தோண்டப் போனால் அடுக்கடுக்காக வந்தது. பழைய பதிவுகள் சிலவற்றின் தலைப்புகள் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தன. பாமினியில் அடித்தது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு இல்லாத இடத்தில் பிதற்றலாகத் தெரியும். அவற்றை எழுத்துரு மாற்றியில் போட்டு, எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டுக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத் திருத்தினோம். அடுத்தது, யூனிகோட் தமிழிலேயே ஒரே எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இரண்டையும் ஒரே வடிவமாக்கும் சீராக்கம் செய்யாத தேடலுக்கு இரண்டும் வேறு. சீராக்கினால் இது தீர்ந்துவிடும். ஆனால் "ஸ்ரீ" அப்படித் தீராது. 2005இல் யூனிகோட் 4.1 ஒரு தனி 'ஶ' எழுத்தைச் சேர்த்தது. அதை வைத்து எழுதுகிற ஸ்ரீயும், 'ஸ' வைத்து எழுதுகிற ஸ்ரீயும் திரையில் ஒரே மாதிரி தெரிந்தாலும் யூனிகோட் விதிப்படி வேறு வேறு எழுத்துகள். "ஸ்ரீ லங்கா" என்று தொடங்கும் தலைப்புகள் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதற்குத் தனியாக ஒரு மாற்று விதி எழுதி, எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தோம்.

கோஹாவின் ஸீப்ரா என்ற தேடுபொறியில் தேடல் அட்டவணையைக் கட்ட இரண்டு வழி உண்டு. லத்தீன் எழுத்துகளுக்கு ஏற்ற எழுத்து அட்டவணை முறை ஒன்று, பிற எழுத்துகளையும் யூனிகோட் விதிப்படி கையாளும் ஐசியு முறை இன்னொன்று. தமிழ், சிங்களம் வைத்திருக்கும் நூலகம் இரண்டாவதுக்குப் போக வேண்டும். போன பிறகு முழு அட்டவணையையும் மறுபடி கட்ட வேண்டும். இரவில் ஓடவிட்டோம், இடையில் மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்று யூபிஎஸ்ஸோடு. ஒரு பதிவில் ரோமன் தலைப்பும் தமிழ்த் தலைப்பும் சேர்ந்தே இருக்க, நூல் விவரங்களைக் கணினியில் எழுதும் மார்க் பதிவு முறையில் 880ஆம் புலம் இருக்கிறது. அதில் தமிழை இட்டு, தேடலிலும் சேர்த்தோம். ஆசிரியர் பெயர்களுக்கு அதிகாரப் பதிவு, அதாவது பெயரின் எல்லா வடிவங்களையும் சேர்த்து வைக்கும் பதிவு, உருவாக்கி, வேலுப்பிள்ளையின் எல்லா எழுத்து வடிவங்களையும் ஒரு பெயருக்குக் கீழே கட்டினோம். பிள்ளைகள் சோதனையில் அடித்த 'ஜி', 'எச்' எழுத்துக்கூட்டல்களையும் அதே மாதிரி மாற்று வடிவங்களாகச் சேர்த்தோம். அவற்றை நாங்கள் கற்பனை செய்யவில்லை, காணொளியில் இருந்து ஒவ்வொன்றாக எழுதி எடுத்தோம்.

இன்னொன்று. புத்தகம் கிடைத்த பிறகும் சிலர் நின்றார்கள். 894.811 என்று பகுப்பெண் தெரிகிறது. தூயி என்ற நூற்பகுப்பு முறையில் அது தமிழ் இலக்கியம். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அது வெறும் எண். எண்ணுக்குக் கீழே "மேல் மாடி, இடப்பக்கம், தமிழ் இலக்கிய ராக்கை" என்று ஒரு வரி சேர்த்தோம். அவ்வளவுதான், அந்தக் கேள்வி மேசைக்கு வருவது நின்றுபோனது.

தவணை நீட்டுவதில் யாருக்கும் சிக்கல் இல்லை. சனிக்கிழமை நேரத்தைக் கூகுள் முடிவிலேயே பார்த்துவிட்டார்கள். அங்கே இருந்த பழைய நேரத்தைத் திருத்தியதோடு அது முடிந்தது.

வீட்டிலிருந்து படிக்கும் வேலையை வளாகத்துக்குள் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நிறுவனத்தின் இணைப்பில் இருக்கும்போது, பதிப்பகங்கள் ஐபி முகவரியைப் பார்த்தே கதவைத் திறந்துவிடும். அதனால் ஒரு விடுமுறையில் ஹட்டனில் இறங்கி பஸ் மாறி, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் வாசிகசாலையில் போய் உட்கார்ந்தோம். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளும் பக்கத்து டிவிஷன் பிள்ளைகளும் வந்தார்கள். லயத்துக்குள் சிக்னல் இல்லை என்பதால், பொதுவாகக் கோயில் மேட்டில் நின்றுதான் தளம் பார்ப்பார்களாம். வாசிகசாலை வாசல்படியில் ஒன்றிரண்டு கோடு கிடைத்தது. படியிலேயே உட்கார்ந்து செய்தார்கள்.

எங்கள் தளத்தில் சஞ்சிகையின் பெயரை அழுத்தியதும் பதிப்பகத்தின் பக்கம் வந்தது. கட்டுரைத் தலைப்பு, சுருக்கம், அதற்குக் கீழே டொலரில் விலை. "சேர், இதுக்கு காசு கட்டணுமா?" நாங்கள் வழக்கமான பதிலைச் சொன்னோம். மாணவன் சற்று நேரம் அந்த விலையையே பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிட்டான். நூலகம் ஏற்கெனவே சந்தா கட்டிவிட்ட கட்டுரை அது. வெளியிலிருந்து உள்நுழைய வழியும் இருந்தது. அது "மின்வளங்கள்" பக்கத்தின் அடியில், ஆங்கிலத்தில், பிடிஎஃப் கையேடாக இருந்தது. எனக்கு மனசு கஷ்டப்பட்ட இடம் இது. கொழுந்து பறிக்கிற அம்மாவின் சம்பளத்தில் டேட்டா போடுகிற பிள்ளை, தனக்கு உரிமையுள்ள ஒன்றைக் காசில்லை என்று நினைத்து மூடுகிறது.

இதன் திருத்தம் தொழில்நுட்பத்தில் எளிது. சஞ்சிகை இணைப்புகளைப் பதிப்பகத்துக்கு நேராக விடாமல், எல்லாவற்றையும் ப்ரொக்சி என்ற எங்கள் இடைக் கணினி வழியாகத் திருப்பினோம். வளாகத்தில் இருந்தால் அது கேட்காமல் விடும். வெளியே இருந்தால் முதலில் எங்கள் உள்நுழைவுப் பக்கம் வரும். அந்தப் பக்கத்தில் மூன்று மொழியிலும், "பணம் கட்டத் தேவையில்லை. மாணவர் இலக்கமும் கடவுச்சொல்லும் போதும்" என்று பெரிய எழுத்தில் எழுதினோம். கடவுச்சொல் மறந்தால் யாரைக் கேட்பது என்பதையும் அங்கேயே போட்டோம். அந்த உள்நுழைவுப் பக்கத்தில் படம் எதுவும் வைக்கவில்லை. வாசல்படிச் சிக்னலில் ஏற வேண்டுமே.

இனி முகப்பு. மெனுவை எப்படி அடுக்குவது என்று நாங்களே உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. பிரிஸ்டல் போர்டைச் சீட்டுகளாக வெட்டி, தளத்தில் கிடைக்கும் ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதி, மாணவர்களிடம் கொடுத்து, ஒன்றோடொன்று சேரும் என்று நினைப்பவற்றைக் கட்டாக்கி, கட்டுக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னோம். எங்கள் மெனு நூலகத்தின் பிரிவுகளைப் பின்பற்றியது. இரவல், உசாத்துணை, பருவ வெளியீடுகள் என்று. அவர்கள் கட்டியவை அப்படி இல்லை. "பரீட்சைக்கு", "புத்தகம் தேட", "வீட்டிலிருந்து படிக்க", "என் கணக்கு". நான்கு கட்டு, கூட்டத்துக்குக் கூட்டம் சின்ன வித்தியாசம்தான். அந்த நான்கையும் அவர்கள் வைத்த பெயரிலேயே பட்டன்களாக முகப்பின் மேலே வைத்தோம். நகரும் படங்களை எடுத்துவிட்டோம். மூன்று கோட்டு மெனு அப்படியே இருக்கிறது. ஆனால் இப்போது யாரும் அதை நம்பி இருக்க வேண்டியதில்லை.

தமிழில் பட்டன் வைப்பதில் ஒரு நடைமுறைச் சிரமம் உண்டு. ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடிவது தமிழில் பட்டனுக்கு வெளியே வழியும், அல்லது சொல்லின் நடுவில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும். எழுத்தைச் சிறிதாக்குவது தப்பு. மேல் கீழ்க் குறிகள் ஒன்றோடொன்று ஒட்டி வாசிக்க முடியாமல் போகும். நாங்கள் வரி இடைவெளியைக் கூட்டி, வரிசைக்கு ஒரு பட்டன் என்று அகலமாக வைத்தோம். 2023இல் வந்த டபிள்யுசிஏஜி 2.2 அணுகல் வழிகாட்டி, தொடும் இடம் குறைந்தது 24 பிக்சல் சதுரம் இருக்கச் சொல்கிறது. அதன் உயர்ந்த நிலைக்கு 44. உயர்ந்ததையே எடுத்தோம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு 4.5க்கு 1 ஆவது இருக்க வேண்டும். எங்கள் பழைய தளத்தின் இளம்பச்சை மேல் சாம்பல் எழுத்து அதில் தேறவே இல்லை. வாசல்படியில் மாணவன் போனைக் கையால் மறைத்து நிழல் பிடித்துக்கொண்டு வாசித்தது இதனால்தான்.

இதையெல்லாம் செய்ய அனுமதி வாங்குவது தனி வேலை. முகப்பில் தங்கள் இணைப்பு இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் விருப்பம், அதில் நியாயமும் உண்டு. அறிக்கை எழுதிக் கொடுத்தபோது வாதம்தான் வளர்ந்தது. பிறகு கூட்டத்தில் இரண்டு துண்டுக் காணொளி மட்டும் போட்டோம். ஒன்றில் விரல் மெனுவுக்குள் போய்ப் போய்த் திரும்புகிறது. மற்றதில் டொலர் விலைக்கு முன்னால் நிற்கிறது. முகம் இல்லை, விரலும் குரலும்தான். அதன்பிறகு யாரும் தங்கள் இணைப்பைப் பற்றிப் பேசவில்லை. "வினாத்தாளை எப்போ மேல கொண்டு வரலாம்?" என்றுதான் கேட்டார்கள். வேறு நூலகத்தில் யாராவது இதைச் செய்வதாக இருந்தால், அறிக்கைக்கு முன்னால் காணொளியை வையுங்கள்.

புதிய முகப்பைக் கட்டுமுன் ஏ4 தாளில் வரைந்து, போன் அளவுக்கு வெட்டி, விரலால் அழுத்தச் சொல்லிப் பார்த்தோம். அழுத்தியதும் அடுத்த தாளை வைப்பது எங்கள் வேலை. தாளிலேயே இரண்டு சொற்கள் மாறின. கட்டி முடித்த பிறகு வேறு மாணவர்களை வைத்து அதே வேலைகளைக் கொடுத்தோம். வினாத்தாளை எல்லோரும் எடுத்துவிட்டார்கள். வேலுப்பிள்ளை கிடைத்தார். வீட்டிலிருந்து படிப்பதில் இன்னும் சிலர் கடவுச்சொல்லில் நிற்கிறார்கள். அது நூலகத்தின் கையில் மட்டும் இல்லாத விஷயம், பேச்சு நடக்கிறது.

பாவிப்பது எவ்வளவு சுலபம் என்று பாவிப்பவரையே கேட்டு அளக்க ஜோன் புரூக் 1986இல் உருவாக்கிய பத்துக் கேள்வி எஸ்யுஎஸ் அளவுகோலையும் தமிழாக்கிக் கொடுத்தோம். நூற்றுக்கு 68 சராசரி என்று கொள்வார்கள். அதில் ஒன்று விட்டு ஒன்று எதிர்மறையாக வரும் வசனங்கள், எல்லாவற்றுக்கும் சம்மதம் போடுகிற எங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை. அந்த எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்கவில்லை.

இப்போது கையில் இருக்கும் வேலை பார்வைக் குறைபாடு உள்ள ஒரு மாணவரோடு நடத்திய அமர்விலிருந்து வந்தது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டோக்பேக்கைப் போனில் வைத்துத் தளத்தைக் கேட்டுக் கேட்டுப் போகிறார். புதிய நான்கு பட்டன்களையும் சுலபமாகக் கடந்தார். வினாத்தாளைத் திறந்ததும் போன் மௌனமானது. ஸ்கேன் செய்த பக்கம் ஒரு படம், அதில் வாசிக்க எழுத்து இல்லை. ஆகவே டெசராக்ட் என்ற எழுத்துணரியை வைத்து வினாத்தாள்களுக்குள் எழுத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறோம். தமிழும் சிங்களமும் அதற்குத் தெரியும். ஆனால் பழைய தட்டச்சுத் தாள்களில் ர, ா குழப்பமும் ன, ண குழப்பமும் நிறைய வருகின்றன, ஆள் பார்த்துத்தான் திருத்த வேண்டும். இதற்கு 300 டிபிஐ பிரதியே போதுமாக இருக்கிறது. அந்த மாணவர் எடுக்கும் பாடங்கள் முதலில், அடுத்து முதலாம் ஆண்டுப் பாடங்கள் எல்லாம், அதன்பின் புதிய ஆண்டிலிருந்து பழைய ஆண்டுக்கு என்று ஒழுங்கு வைத்திருக்கிறோம். முதல் கட்டு முடிந்ததும் அவரிடமே கொடுத்துக் கேட்கச் சொல்லப் போகிறோம்.